போர்வீரரும் பொழுதுபோக்கும்

(லெம்பா பெர்த்தாம் தோட்டப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எழுதியது)

பொழுதுபோக்கு என்னும் சொல்லைக் கேட்டவுடனே, வேலையற்றவர் செய்யும் வீண்செயல் என்று நம்மவருட் பலர் எண்ணிவிடுகின்றனர். தபால்தலை சேர்ப்பதும், பறவைகளை உற்றுநோக்குவதும், பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பூட்டுவதும் படிப்பைக் கெடுக்கும் என்பதே தோட்டப்புறப் பெற்றோர் பெரும்பாலோரின் கருத்து. அண்மையில் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு ஒரு தந்தை தம் மகனைக் கையோடு அழைத்துவந்து, "சார், இவன் புத்தகத்தையே தொடமாட்டேங்கிறான். எந்நேரமும் உடைஞ்ச ரேடியோவோடதான் உட்கார்ந்திருக்கான். நீங்கதான் ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்று முறையிட்டார். பையன் தலைகுனிந்து நின்றான். அவன் சட்டைப்பையிலிருந்து ஈயக்கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று அவருக்கு நான் கூறிய மறுமொழி மிகச் சுருக்கமானது. அதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் குடியிருக்கும் இம்மலைத்தொடரின் காடுகளில் மூன்றாண்டுகளுக்கு மேல் தலைமறைவாய் வாழ்ந்து மீண்ட ஒரு போர்வீரரின் வரலாறு இதற்குச் சான்றாக அமைகிறது. பொழுதுபோக்கு ஒருவரின் உயிரை எவ்வாறு காக்கும் என்பதை அதில் காண்கிறோம். செய்தி அனுப்பும் கருவி ஊமையாகிவிட்டால் வீரமும் அறிவும் எவ்வளவு தூரம் பயனற்றுப் போகும் என்பதையும் அதிலேயே காண்கிறோம்.

லாசா நகரில் இருவர்

பிரெடெரிக் ஸ்பென்சர் சாப்மன் என்பவர் 1907 ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்றபின் 1930 - 31 ஆம் ஆண்டுகளில் கிரீன்லாந்துப் பனிவெளிக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். பின்னர்ப் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். மலையேறுவது, பறவைகளை நோக்கிக் குறிப்பெடுப்பது, செடிகளையும் விதைகளையும் சேகரிப்பது, படம் பிடிப்பது ஆகியவை அவருடைய பொழுதுபோக்குகள். இவற்றுள் ஒன்றுக்கும் அவர் சம்பளம் பெற்றதில்லை எனலாம். ஆயினும் இவையே பின்னாளில் அவருக்குப் பெருஞ்செல்வமாயின.

1936 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு, பேசில் கூல்டு என்னும் அதிகாரியின் தலைமையில் திபெத்தின் தலைநகராகிய லாசாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. சாப்மன் அக்குழுவின் செயலாளர். அதே குழுவில் எவன் நெப்பியன் என்னும் இளம் படையதிகாரியும் இருந்தார். அவர் இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். லாசாவிலிருந்து இந்தியாவுக்குக் கம்பியில்லாத் தந்தி வழியாகச் செய்தி அனுப்பும் வேலையை அவரும் அவருடைய தோழர் ஒருவரும் கவனித்துவந்தனர்.

வேலை நேரம் முடிந்த பின் நெப்பியன் என்ன செய்தார் தெரியுமா? மீண்டும் அதே கருவியின் முன் அமர்ந்தார்! அவர் ஓர் அமெச்சூர் வானொலியர். இங்கிலாந்தில் ஜி5ஒய்என் என்னும் அடையாளக்குறியோடு பேசிவந்தவர், லாசாவில் ஏசி4ஒய்என் என்று தமக்கொரு குறி வைத்துக்கொண்டு, உலகின் பல மூலைகளிலும் இருந்த தம்மையொத்த ஆர்வலர்களோடு தொடர்பு கொண்டார். திபெத்திலிருந்து எழுந்த முதல் அமெச்சூர் வானொலிக் குரல் அதுவேயாகும். வானொலி ஆர்வலர் உலகில் அக்குறி இன்றுவரை பேசப்படுகிறது.

அமெச்சூர் என்பது கற்றுக்குட்டி என்று பொருள்படும் இழிசொல் அன்று. கூலிக்காக அன்றி விருப்பத்திற்காகச் செய்பவர் என்பதே அதன் பொருள். அமெச்சூர் வானொலியர் பணம் ஈட்டும் நோக்கமின்றித் தாமே கற்று, தாமே கருவியமைத்து, உரிமம் பெற்று ஒருவரோடொருவர் உரையாடுவர். பேச்சு வழக்கில் இவர்களை ஹாம் என்றும், இக்கலையை ஹாம் ரேடியோ என்றும் அழைப்பதுண்டு. வீட்டிலுள்ள வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே வல்லது. ஹாம் கருவியோ கேட்கவும் பேசவும் வல்லது.

ஆகவே, 1936 இல் லாசாவில் இரண்டு போக்குடைய இருவர் ஒரே குழுவில் இருந்தனர். ஒருவர் கால்நடையாகச் சென்று இயற்கையைக் கற்றவர். மற்றவர் இருந்த இடத்திலிருந்தே உலகத்தோடு பேசக் கற்றவர். அடுத்த ஆண்டில் சாப்மன், பாசாங் தாவா லாமா என்னும் செர்ப்பாவோடு, ஏறத்தாழ 7,300 மீட்டர் உயரமுள்ள சோமோலாரிச் சிகரத்தை முதன்முதலாக ஏறி முடித்தார். இறங்கும் வழியில் இருவரும் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டனர்.

காடு பகையுமன்று, நட்புமன்று

இனி நம் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் மலாயாவை எட்டியபோது சாப்மன் சிங்கப்பூரில் இயங்கிய 101 ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றினார். எதிரி கைப்பற்றும் நிலத்தில் பின்தங்கியிருந்து போரிடும் முறைகளை அப்பள்ளி கற்பித்தது. 1941 டிசம்பர் 8 ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த மாதமே சாப்மன் ஜப்பானியருக்குப் பின்புறமாகக் காட்டுக்குள் தங்கிவிட்டார். தோழர் இருவரோடு இரவு நேரங்களில் இரயில் பாதைகளையும் பாலங்களையும் தகர்த்தார். 1942 பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் அவருக்கு வெளியுலகம் என்று ஒன்று இல்லாமற்போயிற்று.

மலேரியாவும் நிமோனியாவும் உண்ணிக் காய்ச்சலும் அவரை மாறிமாறிப் பற்றின. ஒருமுறை நாட்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். ஜப்பானியரிடம் ஒருமுறை பிடிபட்டு, அன்றிரவே கூடாரத் துணிக்கடியில் நுழைந்து தப்பினார். இவ்வளவுக்கும் அவர் உயிர்பிழைத்ததற்குக் காரணம் உடல்வலிமை மட்டுமன்று. போருக்குப்பின் 1949 ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலின் பெயரே அதற்கு விடை கூறுகிறது. 'காடு நடுநிலையானது' என்பது அப்பெயரின் பொருள். காடு நம்மைக் கொல்லவும் முயல்வதில்லை, காக்கவும் முயல்வதில்லை. அது தன் போக்கில் இருக்கிறது. அதனைக் கண்டு நடுங்குபவரும் அழிவர், அங்கே எல்லாம் எளிதிற் கிடைக்கும் என்று நம்பிச் செல்பவரும் அழிவர். படையிலிருந்து பிரிந்து காட்டில் சிக்கிய பிரிட்டிஷ் வீரர் பலர் சில மாதங்களுக்குள் மாண்டனர் என்றும், நோயைவிட மனத்தளர்ச்சியே அவர்களைக் கொன்றது என்றும் சாப்மன் கருதினார்.

பறவை நோக்குபவருக்குப் பொறுமை பழக்கமாகிறது. அசையாமல் நிற்கவும், ஓசையால் உயிரினத்தை அறியவும், கண்டதை அன்றே எழுதிவைக்கவும் அவர் பழகுகிறார். செடி சேர்ப்பவர் இலையையும் தண்டையும் கனியையும் வேறுபடுத்திக் காண்கிறார். இத்தகையவருக்குக் காடு ஒரு பச்சைச் சுவராகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு நாளும் பார்ப்பதற்கு ஒரு புதுமை இருப்பதால், நாளை என்ன ஆகுமோ என்ற கவலை அவர்களை முற்றும் விழுங்குவதில்லை. கிரீன்லாந்தில் விளையாட்டாகவும் விருப்பத்தோடும் கற்றவை பேராக்குக் காட்டில் மருந்தாக உதவின என்பதில் ஐயமில்லை.

ஊமையாய்க் கிடந்த கருவி

ஆயினும் ஒரு குறை இருந்தது. வெளியுலகத்தோடு பேச அவருக்கு வழியில்லை. அவர் உயிரோடிருப்பதே இலங்கையிலிருந்த தலைமையகத்துக்குத் தெரியாது. 1943 ஆம் ஆண்டில் ஜான் டேவிஸ், ரிச்சர்டு புரூம் என்னும் அதிகாரிகள் நீர்மூழ்கிக் கப்பல் வழியாகப் பேராக்குக் கடற்கரையில் இறங்கினர். இவர்கள் 136 ஆம் படைப்பிரிவு எனப்பட்ட இரகசிய அமைப்பைச் சேர்ந்தோர். அவ்வாண்டின் இறுதியில் பீடோருக்கு மேலேயுள்ள பிளாந்தான் என்னும் மலைமுகாமில் சாப்மன் இவர்களோடு சேர்ந்தார். நாம் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறி வரும் சாலைக்கு அப்பால் தெரியும் காடுகளே இவர்கள் வாழ்ந்த களம்.

சிங்கப்பூரின் லிம் போ செங் என்பவரும் இக்குழுவைச் சேர்ந்தவர். 1943 ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் படையோடு இவர்கள் ஓர் உடன்பாடு கண்டனர். நேசநாடுகள் ஆயுதமும் மருந்தும் தரவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் உடன்பாடு ஏற்பட்ட செய்தியைக் கொழும்புக்கு உடனே சொல்வது எவ்வாறு? வானொலிக் கருவி இருந்தது. ஆனால் கருவி, மின்கலம், மின்னூட்டும் பொறி ஆகிய யாவும் சேர்ந்து பெரும் பாரம். ஜப்பானியக் காவலுக்கு அஞ்சி அவற்றை உடனே மலைக்குக் கொண்டுவர இயலவில்லை. 1944 மார்ச்சில் லிம் போ செங் பிடிபட்டார். தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல், அவ்வாண்டு ஜூன் 29 ஆம் நாள் பத்து காஜா சிறையில் உயிர்நீத்தார். கடற்கரைத் தொடர்பும் அற்றுப்போயிற்று.

1945 பிப்ரவரியில்தான் காட்டிலிருந்து எழுந்த குறியொலி இலங்கையை எட்டியது. உடன்பாடு கண்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது! அதன் விளைவைப் பாருங்கள். அம்மாத இறுதிக்குள் விமானங்கள் வந்தன. ஆட்களும் மருந்தும் ஆயுதமும் வான்குடை வழியே இறங்கத் தொடங்கின. மே மாதம் சாப்மனும் புரூமும் பங்கோர்த் தீவுக்குச் சென்று, அங்கே நீர்மூழ்கிக் கப்பலேறி மலாயாவிலிருந்து வெளியேறினர். ஓராண்டுக் காலம் மனிதர் அதே மனிதர், காடும் அதே காடு. கருவி பேசத் தொடங்கியதும் நிலைமை சில வாரங்களில் தலைகீழாக மாறிவிட்டது.

அதே பேராக்கில், பாப்பான் என்னும் சிற்றூரில், தமிழரான மருத்துவர் காத்திகேசுவின் மனைவி சிபில் காத்திகேசு, தம் வீட்டில் இரகசியமாகச் சிற்றலை வானொலி வைத்திருந்து, கேட்ட செய்திகளை எதிர்ப்புப் படையினருக்குத் தெரிவித்துவந்தார். 1943 இல் ஜப்பானியர் அவரைச் சிறைப்பிடித்துச் சொல்லொணாக் கொடுமை புரிந்தனர். அக்காயங்களின் விளைவால் 1948 இல் அவர் மறைந்தார். ஒரு வானொலிப் பெட்டியின் அருமையை அந்தத் தலைமுறை எவ்வளவு உணர்ந்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒதுக்கப்பட்ட அலைகள்

இலங்கைக்கும் பேராக்குக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. இடையில் கடல். மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு கருவியின் ஒலி அவ்வளவு தூரம் எவ்வாறு சென்றது? இதற்கு விடை கண்டவர்கள் பெரும்பாலும் அமெச்சூர்களே.

வானொலியின் தொடக்க நாட்களில், அலை நீளமாக இருந்தால்தான் தொலைவு செல்லும் என்று அறிஞர் நம்பினர். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு சட்டமியற்றி, 200 மீட்டரும் அதற்குக் குறைந்தும் உள்ள அலைகளை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. எதற்கும் உதவாதவை என்று கருதப்பட்டவை அவை. தமக்குக் கிடைத்த அந்தத் தரிசு நிலத்தை அமெச்சூர்கள் உழுதனர். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் ஒலி அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்காட்லாந்தில் கேட்டது. 1923 நவம்பரில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இருந்த அமெச்சூர்கள் ஒருவரோடொருவர் உரையாடினர். உதவாது என்று தள்ளிய சிற்றலையே உலகைச் சுற்றிவரும் அலை என்பது அப்போது தெளிவாயிற்று.

இதன் காரணம் விந்தையானது. பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் வரையிலான உயரத்தில், கதிரவனின் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் இருக்கின்றன. சிற்றலை அங்கே சென்று வளைந்து, மீண்டும் தரைக்குத் திரும்புகிறது. சாய்வாக மேலே சென்ற அலை நெடுந்தொலைவில் இறங்கும். ஏறக்குறைய நேர்மேலாகச் சென்ற அலை சுற்றுவட்டாரத்திலேயே இறங்கும். நம் கீரைப் பாத்திகளுக்கு நீர் தெளிக்கும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சாய்த்துப் பிடித்தால் நீர் தொலைவில் விழும். நிமிர்த்திப் பிடித்தால் நம்மைச் சுற்றியே விழும். இடையில் ஒரு வேலி இருந்தாலும், மேலிருந்து விழும் நீரை அது தடுப்பதில்லை அன்றோ? அதுபோலவே, நேர்மேலாக அனுப்பிய அலைக்கு மலை ஒரு தடையன்று.

கைப்பேசியின் அலையோ வேறு வகையினது. அது விளக்கொளிபோல நேர்கோட்டில் செல்வது. கோபுரத்துக்கும் நமக்கும் இடையே குன்று வந்தால் அது நின்றுவிடும். ஹாம்கள் கையில் வைத்திருக்கும் இரண்டு மீட்டர் அலைக் கருவிக்கும் இதே இயல்புதான். அதனால்தான் அவர்கள் மலையுச்சிகளில் அஞ்சல் நிலையம்போல ஒரு கருவியை நிறுவுகின்றனர். அது பள்ளத்தாக்கின் குரலை வாங்கி, மறுபுறத்துக்கு உடனே திருப்பி அனுப்புகிறது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள நம் பிரிஞ்சாங் மலையுச்சியில் நின்றால், கணக்குப்படி 160 கிலோமீட்டர் வரை அடிவானம் விரியும். இடையே வேறு மலை குறுக்கிடாத திசையில், 5 வாட் ஆற்றலுள்ள சிறு கருவியும் அவ்வளவு தொலைவு பேசும்.

மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 300 என்னும் எண்ணை, மெகாஹெர்ட்ஸ் அளவில் கூறப்படும் அலையெண்ணால் வகுத்தால், அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதற்கு அலைநீளத்தில் பாதி, அதாவது சுமார் 20 மீட்டர் கம்பியை இரு மரங்களுக்கிடையே கட்டினால் அலைவாங்கி ஆயிற்று. கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை மேல்நோக்கிச் சென்று சுற்றுவட்டாரத்தில் இறங்கும். உயர்த்திக் கட்டினால் தொலைநாடுகளைத் தேடிச் செல்லும். இதனைக் கற்க நான்காம் வகுப்பு வகுத்தலும், கொஞ்சம் ஆர்வமும் போதும்.

படைவீரரிடம் கற்க வேண்டியவை

காட்டில் வாழும் படைவீரர் கைக்கொள்ளும் பழக்கங்கள் சில, மலைவாழ் மக்களாகிய நமக்கும் பெரிதும் பயன்படுவன.

முதலாவது, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுதல். 1967 மார்ச் 26 ஆம் நாள் தானா ராத்தாவில் தங்கியிருந்த ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர், பிற்பகலில் உலாவப் போனவர் திரும்பவே இல்லை. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்றவர் அவர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இரகசியப் படையில் பணியாற்றியவர். படையினரும் போலீசாரும் ஒராங் அஸ்லி மக்களும் காட்டைச் சல்லடையிட்டுத் தேடியும் அவரைப் பற்றிய தடயம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு நேர்ந்தது இன்றும் புதிராகவே உள்ளது. பயிற்சி பெற்றவர்க்கே இந்நிலை என்றால், காளான் பறிக்கவும் மூங்கில் வெட்டவும் தனியே போகும் நம் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வது!

இரண்டாவது, உலர்ந்த உடை ஒன்றை எப்போதும் காப்பாற்றி வைத்தல். காட்டுவீரர் நடப்பதற்கு ஓர் உடையும் உறங்குவதற்கு ஓர் உடையும் வைத்துக்கொள்வர். விடிந்ததும், எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், ஈர உடையையே மீண்டும் அணிவர். உலர்ந்ததை நனைத்துவிட்டால் அன்றிரவு குளிருக்கு மாற்றில்லை. நம் மலையின் இரவுக் குளிரை அறிந்தவருக்கு இதன் அருமை புரியும்.

மூன்றாவது, மின்கலங்களைப் பேணுதல். கைவிளக்கில் மாதக்கணக்கில் போட்டுவைத்த மின்கலம் கசிந்து, விளக்கையும் கெடுத்துவிடுகிறது. அவற்றைத் தனியே எடுத்து, நீர்புகாத பையிலிட்டு, விளக்கின் அருகிலேயே வைத்தல் வேண்டும். இருட்டில் தடவினாலும் இரண்டும் ஒரே இடத்தில் அகப்பட வேண்டும். மாதம் ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தலும் வேண்டும்.

நான்காவது, அபாயக்குறி அறிந்திருத்தல். ஒரு நிமிடத்தில் ஆறுமுறை ஊதல் ஊதுக, அல்லது விளக்கைக் காட்டுக. பின் ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் செய்க. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவர். மலையேறுவோர் உலகெங்கும் கையாளும் குறி இது. தொண்டை வற்றக் கூவுவதைவிட ஓர் ஊதல் தொலைவுக்குக் கேட்கும். விலையும் அதிகமில்லை.

ஐந்தாவது, செய்தியைச் சுருங்கச் சொல்லுதல். எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது, எத்தனை பேர், என்ன வேண்டும் என்னும் ஐந்துக்கும் விடை சொன்னால் போதும். "லெம்பா பெர்த்தாம், கீழ் லயம். இரவு மணி 2.10. ஆற்றுநீர் வீட்டுக்குள் புகுந்தது. ஒன்பது பேர் கூரை மேல். ஒருவருக்குக் கால் முறிவு. கயிறும் படகும் வேண்டும்." இவ்வாறு சொல்லப் பத்து விநாடி போதும். பதற்றத்தில் இருப்பவர் பத்து நிமிடம் பேசியும் ஊர்ப்பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறார். வகுப்பில் இதனை ஒரு கட்டுரைப் பயிற்சியாகவே நான் கொடுத்துவருகிறேன்.

நாம் கண்ட இரவு

இவையெல்லாம் போர்க்காலக் கதைகள், நமக்கு எதற்கு என்று கேட்பவர் நம் பள்ளத்தாக்கில் இருக்க முடியாது. 2013 அக்டோபர் 23 ஆம் நாள் பின்னிரவில், பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் ஆறு கரைபுரண்டு சேற்றோடு குடியிருப்புகளுக்குள் புகுந்தது. உயிர்கள் மாண்டன. வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன.

என் வீடு மேட்டில் இருந்தமையால் தப்பியது. ஆனால் என் கைப்பேசியில் அழைப்பு ஒன்றும் போகவில்லை. மாணவரின் பெயர்ப்பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அறியாமல் விடியும்வரை வாசலில் நின்றேன். கீழே கூக்குரல் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை. ஆசிரியப் பயிற்சியில் எனக்கு எத்தனையோ பாடங்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இரவுக்கு உதவும் பாடம் ஒன்றும் நான் கற்றிருக்கவில்லை. விடிந்தபின் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு பெயராகக் குறியிட்டுக்கொண்டே நடந்தேன்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமானின் போர்ட் பிளேரில் ஒரு ஹாம் குழு தற்செயலாக இருந்தது. பல்லாண்டுகளாக அத்தீவுகளில் அமெச்சூர் வானொலிக்கு இசைவு கிடைக்காமலிருந்தது. அரிதின் முயன்று இசைவு பெற்று, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் அக்குழு சென்றிருந்தது. உலக ஆர்வலர்களோடு பேசி மகிழவே அவர்கள் போனார்கள். நிலம் நடுங்கித் தொலைபேசிகள் செயலிழந்ததும், அதே கருவிகளைக் கொண்டு நிலப்பகுதிக்குச் செய்தி அனுப்பினார்கள். தீவில் சிக்கியோர் நலம் என்னும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அச்சொல் அவர்கள் வழியாகவே சென்றது. நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சலில், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். அந்தப் பேரலையில் அத்தீவு பட்ட பாடு சொல்லி முடியாது. தோட்டத் தமிழர் எங்கிருந்தாலும் பெருஞ்சாலைக்கும் பெருநகருக்கும் தொலைவிலேயே இருக்கின்றனர். செய்தி அனுப்பும் கலை நமக்குத்தான் முதலில் வேண்டும்.

உரிமமும் ஒழுங்கும்

நம் நாட்டில் இக்கலைக்கு நெடிய மரபுண்டு. மலாயா அமெச்சூர் வானொலி ஒலிபரப்பாளர் சங்கம் 1952 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இன்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதிப்படி தேர்வெழுதித் தேறியவரே இக்கருவியில் பேசலாம். தேறியோருக்கு 9எம்2, 9டபிள்யூ2 என்பன போலத் தொடங்கும் அடையாளக்குறி கிடைக்கும். உரிமமின்றி ஒலிபரப்புதல் 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பேசத் தொடங்குவது, உரிமமின்றி லாரி ஓட்டுவதற்கு ஒப்பாகும். போலீசும் மருத்துவ வண்டியும் பேசும் அலையில் நாம் குறுக்கிட்டால், உதவிக்குப் பதில் உபத்திரவமே செய்தவராவோம்.

கேட்பதிலிருந்து தொடங்குவதே முறை. சிற்றலைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் எந்த நாடு கேட்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவந்தால், வானத்தின் போக்கு ஆறு மாதத்தில் பிடிபடும். பகலில் கேளாத நிலையம் இரவில் கேட்கும். மழைநாளில் இடியோசை குறுக்கிடும். பறவை நோக்குபவரின் குறிப்பேட்டுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. இரண்டும் பொறுமையையும் உண்மையையும் பழக்குகின்றன.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர், இருவர் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு கருவி, ஒரு மின்கலம், இருபது மீட்டர் கம்பி, மாதம் ஒருநாள் ஒத்திகை இவ்வளவே தேவை. கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாங்க நாம் நிதி திரட்டவில்லையா? வெள்ளம் வந்தபின் கற்கத் தொடங்குவது, தீப்பிடித்தபின் கிணறு வெட்டுவதாகும். டேவிசும் புரூமும் கண்ட உடன்பாடு ஓராண்டுக்கு மேல் காட்டிலேயே முடங்கிக் கிடந்தமையை நாம் மறத்தல் கூடாது.

சாப்மன் போருக்குப்பின் மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே திரும்பி, ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் பள்ளித் தலைமை ஏற்று, 1971 இல் மறைந்தார். தம்மிடம் படித்த பிள்ளைகளின் சட்டைப்பைகளில் என்னென்ன இருந்தன என்பதை அவர் பரிவோடு கவனித்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

முறையிட வந்த தந்தையிடம் நான் சொன்னது இதுதான்: "கணக்கிலே அவன் கொஞ்சம் பின்தங்கியிருக்கான், அதை நான் பார்த்துக்கிறேன். ரேடியோவை மட்டும் பிடுங்கிடாதீங்க." அவருக்கு அது முழு நிறைவளிக்கவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் அச்சிறுவனும் வேறு மூவரும் பள்ளிக்கு வருகின்றனர். 300 ஐ 7.1 ஆல் வகுக்கும் கணக்கை முதலில் முடித்தவன் அவனே.